யாரைக் கேட்டுக் கொடுத்த பலி?

உடுக்கைப் பாட்டில் அண்ணன்மார் கதை, அதாவது கொங்கு நாட்டுப் பொன்னர்-சங்கர் கதை, கேட்க வந்து உட்காருகிறவர்களில் முடிவு தெரியாதவர் எவரும் இருக்கமாட்டார். பெரியண்ணசாமிக்கும் சின்னண்ணசாமிக்கும் பதினாறு வயதுதான் ஆயுள், எதிரியின் கையால் அவர்கள் சாகப் போவதில்லை, தங்கள் வாளிலேயே விழப் போகிறார்கள் என்பதெல்லாம் முதல் ராத்திரியே ஊருக்குத் தெரியும். தெரிந்தும் ராத்திரி ராத்திரியாகக் கண்விழித்துக் கேட்கிறார்கள், அந்த இடம் வந்ததும் அழுகிறார்கள். இதே ஊர்ப் பிள்ளைகள் சூப்பர் ஹீரோ படம் பார்த்துவிட்டு வந்து பேக்கரி வாசலில் டீயும் தேங்காய் பன்னுமாக நின்று சண்டை போடுவதும் முடிவைப் பற்றித்தான். அவன் செய்தது சரியா, தப்பா? படம் ஏன் பதில் சொல்லாமல் விட்டது?

பதில் சொல்லாமல் விடும் முடிவுகளில் ஒரு வகை மட்டும் திரும்பத் திரும்ப வருகிறது. உலகத்தில் சண்டை ஓய வேண்டும். அதற்கு யாரோ சிலர் சாக வேண்டும், அல்லது ஓர் உண்மை புதைய வேண்டும். நாயகன் அதைச் செய்கிறான், அல்லது செய்தவனைக் காட்டிக்கொடுக்காமல் வாயை மூடிக்கொள்கிறான். இந்த வகை எங்கிருந்து வந்தது, ஏன் நம்மை இவ்வளவு உறுத்துகிறது என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறேன்.

சூப்பர் ஹீரோ கதைகள் தொடங்கும்போது இப்படி இல்லை. 1938-இல் சூப்பர்மேன் வந்த காலத்திலிருந்து நல்லவன் ஜெயிப்பான், கெட்டவன் அடிபடுவான் என்பதுதான் பொதுவான போக்கு. 1954-இல் அமெரிக்காவில் அது எழுத்தில் வந்த விதியே ஆனது. காமிக்ஸ் படித்துப் பிள்ளைகள் கெட்டுப்போகிறார்கள் என்று கூச்சல் எழுந்ததும், பதிப்பாளர்கள் தாங்களாகவே ஒரு தணிக்கை முறையை வைத்துக்கொண்டார்கள். எல்லாக் கதையிலும் நன்மை தீமையை வெல்ல வேண்டும், குற்றவாளி தண்டனை பெற வேண்டும் என்றது அந்த விதி. அந்தத் தணிக்கை முத்திரை இல்லாத புத்தகத்தைக் கடைக்காரர் எடுக்கமாட்டார். அப்புறம் எங்கிருந்து வரும் குழப்பமான முடிவு?

இன்னொரு காரணம் வியாபாரம். மாதாமாதம் வெளிவர வேண்டிய கதைக்கு முடிவு என்ற ஒன்றே ஆகாது. நாயகன் செத்தால் கடை மூடிவிடும். 1992-இல் சூப்பர்மேனைச் சாகடித்து, உலகமே அதைப் பேச வைத்து, மறுவருடமே எழுப்பிக் கொண்டுவந்தார்கள். அண்ணன்மாருக்கு விழா எடுக்கும் வீரப்பூர்ப் படுகளத்திலும் செத்தவர்களை எழுப்புகிறார்கள், ஆனால் அங்கே அடுத்த மாத விற்பனை காத்திருக்கவில்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

விதியில் முதல் விரிசல் 1971-இல் வந்தது. தணிக்கை கொஞ்சம் தளர்ந்தது. 1973-இல் ஸ்பைடர்மேனின் காதலி க்வென் ஸ்டேசியை வில்லன் பாலத்திலிருந்து தள்ளுகிறான். ஸ்பைடர்மேன் வலை வீசிப் பிடிக்கிறான். பிடித்த வேகத்திலேயே அவள் கழுத்து முறிகிறது. காப்பாற்றப் போன கையே காரணமாகிவிட்டது. அதுவரை காமிக்ஸ் படித்துக்கொண்டிருந்த அமெரிக்கப் பையன்களுக்கு அது பெரிய அதிர்ச்சி. நமக்கு அவ்வளவு இருந்திருக்காது என்று நினைக்கிறேன். 1972-இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் முதல் இதழாகக் கொண்டுவந்த இரும்புக்கை மாயாவியே, மூலக் கதையில் விபத்துக்குப் பிறகு கெட்ட வழியில் போய்த் திரும்பியவன்தான். ஈரோடு, சேலம் பஸ் ஸ்டாண்டு புத்தகக் கடைகளில் தொங்கிய அந்த இதழ்களை வாங்கி வளர்ந்த தலைமுறைக்கு, நாயகன் முழுக்க வெள்ளையாக இருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு அப்போதே இல்லை.

முழு உடைப்பு நடந்தது 1986-இல். ஆலன் மூர் எழுதி, டேவ் கிப்பன்ஸ் வரைந்து, பன்னிரண்டு இதழ்களாக வந்த 'வாட்ச்மென்'. மூர் முதலில் இந்தக் கதையை, சூப்பர்மேனை வெளியிடும் டிசி நிறுவனம் வேறொரு கம்பெனியிடமிருந்து விலைக்கு வாங்கியிருந்த பழைய நாயகர்களை வைத்துத்தான் எழுத நினைத்தார். இந்த முடிவு வந்தால் அந்த நாயகர்களை அப்புறம் எதற்கும் பயன்படுத்த முடியாது என்பதால், புதிதாகவே ஆட்களை உண்டாக்கிக்கொள்ளச் சொன்னார்கள். முடிவு இல்லாமல் ஓடிக்கொண்டிருந்த ஒரு கலைக்கு உண்மையான முடிவு ஒன்று கிடைத்தது அப்படித்தான்.

கதை இதுதான். 1985. அமெரிக்காவும் சோவியத் யூனியனும் அணுகுண்டோடு முறைத்துக்கொண்டு நிற்கின்றன, இன்றோ நாளையோ உலகம் அழியும். ஓசிமாண்டியாஸ் என்ற பெயரில் முன்பு நாயகனாக இருந்த ஏட்ரியன் வைட் உலகத்திலேயே புத்திசாலி என்று பேர் வாங்கியவன். அவன் ஒரு வழி கண்டுபிடிக்கிறான். வேற்றுலகத்திலிருந்து வந்தது போல, கணவாய் மாதிரி ஒரு ராட்சத உயிரை ரகசியமாகச் செய்து, நியூயார்க் நடுவில் இறக்குகிறான். அது சாகும்போது வெளிப்படும் அதிர்வில் நகரத்தில் பாதிப் பேர் சாகிறார்கள். வெளியிலிருந்து எதிரி வந்துவிட்டான் என்று பயந்து, இரண்டு வல்லரசும் கைகோத்துக்கொள்கின்றன. அண்டார்டிகாவில் இருக்கும் அவன் கோட்டைக்குத் தடுக்க ஓடிவரும் மற்ற நாயகர்களிடம், முப்பத்தைந்து நிமிடம் முன்பே காரியம் முடிந்துவிட்டது என்கிறான். இனி அவர்கள் உண்மையைச் சொன்னால் சமாதானம் உடையும், செத்தவர்கள் சும்மா செத்ததாகிவிடும். ஒருவர் பின் ஒருவராக வாயை மூடிக்கொள்ளச் சம்மதிக்கிறார்கள். ரோர்ஷாக் என்ற நாயகன் மட்டும் மாட்டேன் என்கிறான். சம்மதித்தவர்களில் ஒருவனான டாக்டர் மன்ஹாட்டன் அவனைக் கொன்றுவிடுகிறான். ஆனால் அவன் எழுதிய டைரி முன்பே ஒரு பத்திரிகை ஆபீசுக்குத் தபாலில் போயிருக்கிறது. அதைக் கையில் எடுக்கப் போகும் ஒரு சாதாரணப் பையனோடு கதை நிற்கிறது.

இந்த முடிவைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் வைட் சரியா, ரோர்ஷாக் சரியா என்று இரண்டு கட்சியாகப் பிரிகிறார்கள். எனக்கு அந்தப் புத்தகத்தின் பலம் வேறிடத்தில் இருப்பதாகப் படுகிறது. தெருமுனையில் ஒரு பேப்பர் கடை. கடைக்காரர் பெர்னார்ட் எந்நேரமும் யுத்தம் வரும், வரும் என்று யாரிடமாவது புலம்பிக்கொண்டே இருப்பார். பக்கத்திலே சுவரில் சாய்ந்து, காசு கொடுக்காமல் காமிக்ஸ் படிக்கும் பையன் பெர்னி. கதையோடு எந்தச் சம்பந்தமும் இல்லாதவர்கள் போல இதழ் இதழாக வந்துகொண்டே இருப்பார்கள். ஊரில் நாம் தினம் கடந்து போகிற கடைக்காரரைப் போலவே அவர்களும் நமக்குப் பழகிவிடுவார்கள். பதினோராம் இதழ் முடிவில் வெளிச்சம் பாயும்போது கிழவர் அந்தப் பையனைக் கட்டிக்கொள்கிறார். பன்னிரண்டாம் இதழைத் திறந்தால் ஆறு பக்கம், ஒவ்வொன்றும் முழுப்பக்கப் படம், பேச்சே இல்லை: பிணங்கள், ரத்தம் வழியும் கடிகாரம், கிழிந்த போஸ்டர்கள். அதுவரை பக்கத்துக்கு ஒன்பது சிறு கட்டமாகவே வரைந்துகொண்டு வந்த கிப்பன்ஸ், இங்கே கட்டத்தை விட்டுவிடுகிறார். வைட் சொல்லும் கணக்கு நமக்கு எண்ணாக வருவதற்கு முன்பே முகமாக வந்துவிடுகிறது. அப்புறம் எந்த நியாயத்தைச் சொன்னாலும் பெர்னி குறுக்கே நிற்கிறான்.

அம்மாவைப் பெற்ற என் அம்முச்சிக்கு இந்தக் கதையை ஒரு நாள் சாயந்திரம் திண்ணையில் வைத்துச் சொன்னேன். காங்கேயம் பக்கத்து ஊர், தொண்ணூறை நெருங்கும் வயது, அண்ணன்மார் பாட்டு எத்தனை முறை கேட்டிருப்பாள் என்று அவளுக்கே கணக்கில்லை. உலகமே அழியாமல் காப்பாற்றினான் என்று நான் வைட் பக்கம் கொஞ்சம் சாய்த்தே சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு வெற்றிலையை மென்றபடி கேட்டாள்: "ஏஞ்சாமி, அந்தச் சனத்தையெல்லாம் ஒரு வார்த்த கேட்டானாமா?" கேட்கவில்லை என்றேன். "செஞ்சதுக்கப்பறமாச்சும் சொன்னானாமா?" அதுவும் இல்லை என்றதும் வெற்றிலைச் சாற்றைத் துப்பிவிட்டு, "அப்பறம் அது என்ன பலி, களவாணித்தனம்" என்று எழுந்து போய்விட்டாள்.

அவள் கேட்ட இரண்டு கேள்விகளையும் வைத்துக்கொண்டு பார்த்தால், இந்த வகை முடிவுகள் ஏன் உறுத்துகின்றன என்பது நன்றாகவே பிடிபடுகிறது. கணக்கு மட்டும் என்றால் அவ்வளவு சிக்கல் இல்லை. ஒரு கோடிப் பேருக்காக ஒருவர் என்ற கணக்கை நம்மில் பலரும் ஒப்புக்கொள்வோம். கொடுக்கப்பட்டவரிடம் கேட்டார்களா, மிச்சமிருப்பவருக்குச் சொன்னார்களா என்ற இடத்தில்தான் தொண்டையில் நிற்கிறது.

2008-இல் வந்த 'த டார்க் நைட்' படத்தில் முதல் கேள்விக்குப் பதில் சுத்தமாக இருக்கிறது. ஹார்வி டென்ட் என்ற நேர்மையான அரசு வழக்கறிஞர் கடைசியில் பைத்தியமாகிக் கொலை செய்கிறார். அது வெளியே தெரிந்தால் ஊரின் நம்பிக்கை போய்விடும், அவர் உள்ளே தள்ளிய ரவுடிகளும் வெளியே வந்துவிடுவார்கள். அந்தக் கொலைப் பழியை பேட்மேன் தன் தலையில் போட்டுக்கொண்டு ஓடுகிறான். கொடுப்பது அவன் பேர். கேட்டது அவன் மனசை. ஆகவே தியேட்டரில் கைதட்டு. ஆனால் இரண்டாவது கேள்வி அப்படியே கிடக்கிறது: ஊருக்குச் சொல்லவில்லை. 2012-இல் வந்த அடுத்த படம் அந்த இடத்தைத்தான் பிடித்துக்கொண்டது. எட்டு வருடம் டென்ட் பேரிலேயே ஒரு கடுமையான சட்டம் போட்டு ஆயிரம் பேருக்கு மேல் சிறையில் வைத்திருக்கிறார்கள். வில்லன் போலீஸ் கமிஷனர் கையால் எழுதிய ஒப்புதலை ஊர் நடுவே படித்ததும் எல்லாம் சரிகிறது. இரண்டாம் படம் முதல் படம் அளவுக்கு நன்றாக இல்லை என்று சொல்வார்கள், எனக்கும் அப்படித்தான். ஆனாலும் முதல் படம் வைத்துவிட்டுப் போன கடனைத் தீர்க்க முயன்றது என்ற மட்டில் எனக்கு அதன் மேல் மரியாதை உண்டு.

அவெஞ்சர்ஸ் படங்களில் வரும் தானோஸைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. உலகத்தில் பாதி உயிர் போனால் மீதி நிம்மதியாக வாழும் என்பது வைட்டின் கணக்கேதான். ஆனால் படம் அவனை வில்லன் என்று தெளிவாக எழுதிவிட்டது. 2019-இல் அவனைத் தீர்க்க அயர்ன்மேன் டோனி ஸ்டார்க் தன் உயிரைக் கொடுத்ததிலும் ஐயம் எதுவும் இல்லை. கொடுத்தது அவனே, எல்லோர் கண்முன்னே. ஆகவே அழுதுவிட்டு வீட்டுக்குப் போனோம்.

இனி நம் பக்கம். கொங்கு நாட்டில் பலிக் கதைக்குப் பஞ்சமே இல்லை. குமணனை எடுத்துக்கொள்ளலாம். முதிரமலைத் தலைவன், உடுமலைப் பக்கத்துக் குதிரைமலைதான் அது என்பார்கள். தம்பி நாட்டைப் பிடித்துக்கொண்டு, அண்ணன் தலைக்கு விலை வைத்தான். காட்டில் ஒளிந்திருந்தவனிடம் பெருந்தலைச் சாத்தனார் பாடிப் பரிசில் கேட்டு வந்தார். கொடுக்க ஒன்றும் இல்லை. தன் வாளை நீட்டி, என் தலையைக் கொண்டுபோய்ப் பொருள் வாங்கிக்கொள்ளும் என்றான். புலவர் வாளை மட்டும் வாங்கிக்கொண்டு தம்பியிடம் போய்ப் பாடியதுதான் புறநானூற்றின் 165-ஆம் பாட்டு. வாள் கொடுத்ததோடு பாட்டு முடிகிறது. தம்பி என்ன செய்தான், அண்ணன் நாடு திரும்பினானா என்று அது சொல்வதில்லை. பின்னால் வந்தவர்கள் சமாதானமாக முடித்துவைத்தார்கள். முடிவை அந்தரத்தில் விடுவது நமக்குப் புதிதென்று யாரும் சொல்ல வேண்டாம்.

கோவையில் சிங்காநல்லூர், குறிச்சி, துடியலூர் ஆகிய இடங்களில் கும்பிடப்படும் அரவான் கதை இன்னும் நெருக்கமானது. பாரதப் போரில் பாண்டவர் ஜெயிக்கக் களப்பலி வேண்டும். முப்பத்திரண்டு லட்சணமும் பொருந்தியவர்கள் மூன்றே பேர்: கண்ணன், அர்ச்சுனன், அரவான். முதல் இருவரும் இல்லாமல் யுத்தம் நடக்காது. மிச்சம் அரவான். கேட்டார்கள், அவனும் சரி என்றான். கல்யாணம் செய்துவைக்க வேண்டும், வெட்டிய தலை போர் முழுவதையும் பார்க்க வேண்டும் என்று வரம் வாங்கிக்கொண்டான். அம்முச்சியின் முதல் கேள்விக்கு இங்கே பதில் இருக்கிறது, கேட்டார்கள். ஆனால் அப்பனும் மாமனும் நிற்கும் சபையில், வேறு ஆளே இல்லை என்ற நிலையில், ஒரு பையனிடம் கேட்பது எவ்வளவு கேட்பது? கோயிலில் அவன் தலையை மட்டும் வைத்துக் கும்பிடுகிறோம். கண்ணை அகலத் திறந்து பார்த்துக்கொண்டிருக்கும் தலை. பலி கொடுத்தவர்கள் என்ன செய்து ஜெயித்தார்கள் என்பதற்கு அது சாட்சி. ரகசியமாக மூடிவைக்க அங்கே வழியே கிடையாது.

அண்ணன்மாருக்கு வருவோம். அதுவும் நினைப்பது போல நேர்கோடான கதை இல்லை. 1960-களின் நடுவில் காங்கேயம் அருகே ஓலப்பாளையத்தில் தங்கி அதைப் பாடகரிடமிருந்து ஒலிநாடாவில் பதிவு செய்தவர் பிரெண்டா பெக் என்ற கனடா நாட்டு மானிடவியல் ஆய்வாளர். அந்தப் பாட்டில் சண்டைக்கு வித்து ஒரு கிளி. தங்கை அருக்காணித் தங்காள் ஆசைப்பட்டாள் என்று அண்ணன்கள் வேட்டுவர் காட்டுக்குள் போய்க் கிளி பிடிக்கிறார்கள். காடு யாருடையது? உழவுக்காரர் பக்கத்திலிருந்து பாடினால் கொம்பன் பன்றி வயலையும் அணையையும் நாசம் செய்ய வந்த அழிவு. காட்டின் பக்கத்திலிருந்து கேட்டால் தங்கள் இடத்துக்குள் புகுந்தவர்களுக்குக் கொடுத்த பதில். கொம்பன் சாகிறது, போரும் முடிகிறது, ஜெயித்தாயிற்று. அப்போதுதான் மாயவர் அம்பு விட்டு ஆயுள் முடிந்ததென்று தெரிவிக்கிறார். சின்னண்ணசாமி வாளில் விழுகிறார், தம்பியைக் கண்ட பெரியண்ணசாமியும் விழுகிறார், கூட இருந்த சாம்புவனும். ஜெயித்தவர்கள் நிலைக்கவில்லை. யாருக்கு வெற்றி என்பதைப் பாட்டு சொல்லாமலே போகிறது.

இன்னும் கடுமையான இடம் ஒன்று உண்டு. அண்ணன்களைத் தேடக் கூட வர மறுத்த அண்ணிமார் இருவரையும், கோபத்தில் அரண்மனையோடு தங்காள் தீக்கிரையாக்குகிறாள். கல்யாணம் ஆனதோடு சரி, புருஷன் முகத்தைச் சரியாகப் பார்க்காமலே பூட்டிய அரண்மனைக்குள் இருந்த பெண்கள் அவர்கள். அவர்களை யாரும் கேட்கவில்லை, பாட்டிலும் அவர்களுக்குக் கிடைப்பது கொஞ்ச இடம்தான். அம்முச்சியிடம் இதையும் சொல்லிக் கேட்டிருக்கலாம். கேட்டால் "அது சாமி கதை" என்றிருப்பாள். அவளுடைய அளவுகோல் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இறங்காது என்பதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

ஆனால் ஒரு வித்தியாசம் பெரிது. மணப்பாறைக்குப் பக்கத்தில் வீரப்பூரில், மாசி மாதத் திருவிழாவில், அந்தச் சாவை மறைப்பதில்லை, நடத்துகிறார்கள். படுகளத்தில் அருள் வந்த ஆண்கள் கட்டை போல விழுவார்கள். வரிசையாகக் கிடத்தி வெள்ளைத் துணி போர்த்துவார்கள். சுற்றி உட்கார்ந்து பெண்கள் நிஜமாகவே ஒப்பாரி வைப்பார்கள். பிறகு தங்காளின் பேரில் தண்ணீர் தெளித்து ஒவ்வொருவராக எழுப்புவார்கள். கதையில் அண்ணன்கள் எழுந்தது கொஞ்ச நேரத்துக்குத்தான், தங்கையோடு பேசிவிட்டுத் திரும்பவும் போய்விட்டார்கள். அதுவும் கூட்டத்துக்குத் தெரியும். கொங்கு ஊர்ப்புறத்தில் வயல் ஓரங்களில் நிற்கும் புலிகுத்திக் கற்களும் இந்த இனம்தான்: மாட்டைக் காக்கப் புலியோடு மல்லுக்கட்டிச் செத்தவன், கையில் ஈட்டி, எதிரே பாயும் புலி. யார் யாருக்காகச் செத்தார்கள் என்பது ஊருக்கு நடுவே கல்லாகவே நிற்கிறது.

நியூயார்க்கில் அப்படிக் கல் வைக்க முடியாது. வைத்தால் பேர் எழுத வேண்டும், எழுதினால் கொன்றவன் யார் என்று எழுத வேண்டும். கடைசி இதழில் நகரம் புதிதாகக் கட்டப்பட்டிருக்கிறது. பர்கரோடு ரஷ்யாவின் போர்ஷ்ட் சூப்பும் விற்கும் கடை வந்துவிட்டது. சமாதானம் எவ்வளவு ஆழத்துக்குப் போயிருக்கிறது என்று ஒரு கடைப் பலகையில் காட்டிவிட்டார் கிப்பன்ஸ். தின்கிறவர்களில் எவருக்கும் அதன் விலை தெரியாது.

கணக்கு, நம் ஊரிலும் காவியத்தோடு நிற்பதில்லை. 1948-இல் தொடங்கி 1955-இல் முடிந்த பவானிசாகர் அணையிலிருந்து பிரியும் கீழ்பவானி வாய்க்கால் சுமார் 200 கிலோமீட்டர் ஓடி, இரண்டு லட்சம் ஏக்கருக்கு மேல் நனைக்கிறது. ஈரோட்டுப் பக்கத்து மஞ்சளும் நெல்லும் அந்தத் தண்ணீர்தான். அணைக்குள் டணாயக்கன் கோட்டையும் அதைச் சுற்றிய ஊர்களும் மூழ்கிவிட்டன. தண்ணீர் வெகுவாக இறங்கும் வருடங்களில் பழைய மாதவப்பெருமாள் கோயில் வெளியே தலைகாட்டும். சேற்றில் நடந்து போய்ப் பார்த்துவிட்டு வருவார்கள். அணை கட்டியது தப்பென்று சொல்ல எனக்கு வாய் வராது, அந்த வாய்க்கால் சோற்றைத் தின்றவன் நான். மூழ்கியவர்களின் பிள்ளைகள் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னால் கதை வேறு மாதிரி இருக்கும், அவ்வளவுதான்.

'வாட்ச்மென்' விட்டுப்போன இடத்திலிருந்து தொடங்கி 2019-இல் எச்பிஓ தொலைக்காட்சி ஒன்பது பாகமாக ஒரு தொடர் எடுத்தது. முப்பத்திநான்கு வருடம் கழித்தும் அந்தப் பொய் நிற்கிறது. நிற்க வைப்பது லேசான வேலையாக இல்லை. வேற்றுலக எதிரி இன்னும் இருக்கிறான் என்று ஜனங்கள் நம்ப வேண்டும் என்பதற்காக, வானத்திலிருந்து குட்டிக் கணவாய்கள் மழையாகக் கொட்டும்படி வைட் ஏற்பாடு செய்து வைத்திருக்கிறான். தெருவில் சைரன் ஊதும், காரை ஓரம் நிறுத்துவார்கள், கணவாய் கொட்டி ஓயும், கண்ணாடியைத் துடைத்துவிட்டுக் கிளம்புவார்கள். நியூயார்க் சாவிலிருந்து தப்பிய ஒரு போலீஸ்காரர், அந்த அதிர்வு திரும்ப வந்துவிடும் என்ற பயத்தில் தலையை மூடிக்கொண்டே வாழ்கிறார். அவருக்கும் ஒரு நாள் உண்மை தெரியவருகிறது. கடைசிப் பாகத்தில் வைட்டைக் கைது செய்வது இரண்டு பேர்: அன்று அண்டார்டிகாவில் வாயை மூடிக்கொள்ளச் சம்மதித்தவர்களில் ஒருத்தி, இப்போது எஃப்பிஐ அதிகாரி, மற்றவர், அன்று யாரும் ஒரு வார்த்தை கேட்காத அந்தப் போலீஸ்காரர். சமாதானம் உடைந்துவிடுமே என்று வைட் பழைய நியாயத்தையே எடுத்து விரிக்கிறான். போலீஸ்காரர் முழுக்கக் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. கையிலிருந்த ஸ்பேனரால் மண்டையில் ஒன்று போடுகிறார். உண்மை வெளியே போன பிறகு வல்லரசுகள் என்ன செய்தன என்பதைத் தொடர் காட்டவில்லை.